நெளிந்த கூஜா

ஈயம் பூசுகிறவர் நேற்றுக் காலை எங்கள் தெருவுக்கு வந்தார். துருத்தியைப் பதித்து அவர் கரி மூட்டியதும் முதல் ஆளாக நான்தான் போய் நின்றேன். என் பித்தளைக் கூஜாவைக் கையில் வாங்கியவர் உள்ளே பார்க்கவில்லை, அதன் வயிற்றைப் பார்த்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி இருக்கிறது. "இத்த தட்டி எடுத்துக் குடுத்துடறேம்மா, கூலி வேணாம். ஒரு டம்ளர் தண்ணி கம்மியா இல்ல புடிக்குது" என்று சொல்லிக்கொண்டே சுத்தியலை எடுத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. ஈயம் பூசச் சொன்னால் ஈயம் பூச வேண்டும், குழியைப் பற்றி இவரை யார் கேட்டது? பாவம், அந்த மனிதர் அதற்குப் பிறகு சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டு உள்பக்கத்துக்கு மட்டும் பூசிக் கொடுத்தார். அந்தக் குழி விழுந்த காலையில் நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அதைத் தட்டி எடுக்க நான் உயிரோடு இருக்கும்வரை ஒருத்தரையும் விடமாட்டேன்.

கூஜா என் ஓரகத்தியுடையது. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் கே.ஜி.கண்டிகைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். எங்கள் மாமனாரை வீட்டிலும் ஊரிலும் நைனா என்பார்கள். ஊர்த் திரௌபதியம்மன் கோயிலுக்கு அவர்தான் தர்மகர்த்தா. அக்காவின் புருஷனை நான் பாவா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன், வேறு என்ன செய்வது. நான் வந்த மூன்றாம் நாள் கேழ்வரகுக் களியில் கட்டி இருந்தது என்று பாவா சாப்பிட்ட கையோடு எழுந்து, மாடு ஓட்டும் சாட்டைக் கம்பால் அக்காவை அடித்தார். கோபத்தில் அடித்தார் என்றால்கூட ஒரு மாதிரி. அவசரமே இல்லாமல், களத்தில் கதிர் அடிப்பதைப் போல அடித்தார். அக்காவின் காதோரம் கிழிந்து ரத்தம் தோளில் வழிந்தது. வாசலில் இருந்த நைனா பீடி பற்றவைத்தார். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று ஊரே அவரைச் சொல்லும். அண்ணன் கை ஓங்கும்போதெல்லாம் அவருக்கு மாட்டுக்குத் தாகம் எடுப்பது தெரிந்துவிடும்.

அக்கா பிறந்தது கண்டியில். அவள் அப்பா அங்கே ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் திடீரென்று இறந்துபோகவே, வயதுக்கு வராத பெண்ணாகத் தாயோடு கனகம்மாசத்திரத்து உறவினர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பிறகு தாயும் போய்விட்டாள். சின்னம்மா ஒருத்தி மட்டும் கண்டியிலேயே இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் அடிபட்ட பிறகு அக்காவுக்கு ஒரு ஆசை வந்தது. வேறொருத்தியாக இருந்தால் சாகத் தோன்றியிருக்கும். இவளுக்கு ஊர் சுற்றிப் பார்க்கத் தோன்றியது. அதுவும் தனியாக, யாரும் வா போ என்று சொல்லாமல், பங்குனியில் கிளம்பி ஒவ்வொரு திருவிழாவாகப் பார்த்துக்கொண்டு நிதானமாகக் கண்டிவரை போய்வர வேண்டும் என்று. அவள் இதை என்னிடம் முதல் தடவை சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வேர்க்கடலை உடைக்கும்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச முடியும். முறம் நடுவில் இருக்கும். அக்கா கடலையை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைப்பாள். இது அரக்கோணம், இது காஞ்சிபுரம், அங்கே சத்திரத்தில் தங்கிப் பங்குனி உத்திரக் கல்யாணம். இது செங்கல்பட்டு, கப்பல் துறைக்குப் போகும் போட் மெயில் ரயிலில் ஏறும் இடம். இது தனுஷ்கோடி. பிறகு முறத்தில் கையகலம் வெறுமையாக விட்டுவிட்டு, அதுதான் கடல் என்பாள். கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னார், அப்புறம் கண்டி. கண்டியில் சித்திரை வருஷப்பிறப்பு. அங்கேயே இருந்து வைகாசிப் பௌர்ணமிக்கு வீட்டுக்கு வீடு காகிதக் கூடு கட்டி விளக்கேற்றுவதைப் பார்த்துவிட்டு, ஆனியில் கடலை விதைப்பதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும். எந்த ஊரிலும் இறங்கின உடனே ஏறக்கூடாது, ஓடி ஓடிப் பார்ப்பதற்கு நாம் என்ன தபால்காரரா என்பாள். "அங்க வருசப்பொறப்புக்கு பெரிய தப்பட்ட ஒண்ண வெச்சி, சுத்தி பொம்பளைங்களா குந்திகினு அடிப்பாங்க. ஆம்பளைங்க நின்னு கேட்டுகினு இருப்பாங்க, தெரியுமா?" என்று ஒருநாள் சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது அவள் உதடு வீங்கியிருந்தது. ஊர் ஊராகப் பார்த்தபிறகு ஒருநாள் முழுவதும் கண்டி ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு வேலையும் செய்யாமல் இருக்க வேண்டும், அதுதான் அவளுக்குப் பெரிய ஆசை. பேச்சு முடிந்ததும் தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் வாயில் போட்டுக்கொள்வாள்.

அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தபோது எல்லாப் பெண்களும் ஒளிந்துகொள்ள, இவள் மட்டும் போய்க் கையை நீட்டிக் குத்திக்கொண்டாள். அதற்குக் கொடுக்கும் சீட்டு இல்லாவிட்டால் மண்டபம் முகாமிலேயே நிறுத்திவிடுவார்கள், கப்பலேற விடமாட்டார்கள். அப்பா போட்ட வளையலில் இரண்டை விற்றுச் செலவுக்கு வைத்துக்கொண்டாள். மாசித் திருவிழாவுக்கு மலைக்குப் போனபோது திருத்தணி அடிவாரத்துப் பாத்திரக்கடையில் இந்தக் கூஜாவை வாங்கினாள். தண்ணீர் ஊற்றி, திருகுமூடியை மூடி, தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று கடைக்காரர் எதிரிலேயே பார்த்தாள்.

எனக்கு அவள் திட்டத்தில் ஒன்றுதான் பிடிக்கவில்லை. போகிறவள் திரும்பி வருவானேன்? பாவா கள்ளுக்குப் போன நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிடு, கண்டியிலேயே சின்னம்மாவோடு இருந்துவிடு என்றேன். அக்காவுக்கு வந்ததே கோபம். "நான் இன்னா ஓடிப்போறவளா? ஊர் பாக்கப் போறேன், பாத்துட்டு வருவேன். என் வூடு இது, நான் களை எடுத்த கொல்லை இது. திருடியாட்டம் எதுக்கு போவணும்?" என்றாள். அவளுக்கு வேண்டியது அதுதான். எல்லார் கண்ணெதிரிலும் பட்டப்பகலில் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும், அதேபோல் திரும்பி வந்து நிற்க வேண்டும். ஓடிப்போனவள் என்ற பெயர் மட்டும் வந்துவிடக்கூடாது. அடியைவிட அந்தப் பெயருக்குத்தான் அவள் பயந்தாள்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி காப்பு. எங்கள் பக்கத்தில் திரௌபதியம்மனுக்கு எடுப்பது அக்கினி வசந்த விழா. பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசி நாள் காலையில் படுகளம், மாலையில் தீமிதி. தீ மிதிக்கிறவர்கள் முதல் நாளே மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டியவன் விழா முடியும்வரை கள் தொடக்கூடாது, ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக்கூடாது, யார்மேலும் கை ஓங்கக்கூடாது. பாவா வருஷா வருஷம் முதல் ஆளாகத் தீயில் இறங்குகிறவர். ஆக, வருஷத்தில் அந்தக் கொஞ்ச நாள்தான் அக்காவுக்கு அடி கிடையாது. அதே நாட்களில்தான் காஞ்சிபுரத்தில் பங்குனி உத்திரமும் வரும். காப்புக் கட்டிய மறுநாள் காலையில் சொல்லிக்கொண்டு கிளம்பினால் அவரால் தடுக்கவும் முடியாது, பின்னாலேயே வரவும் முடியாது. நான் இதைக் கேட்டு வாயைப் பிளந்தேன். ரயிலையும் கப்பலையும் அம்மைச் சீட்டையும் யோசித்த நாங்கள், அந்தக் கயிறு அறுந்தால் என்ன என்று மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது தோன்றாது. கட்டின காப்பை அறுத்தவனை நாங்கள் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

முந்தின வருஷத்துப் படுகளத்தையும் சொல்ல வேண்டும். கோயில் மைதானத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்கவைத்துச் செய்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் வந்து தொடையில் அடித்ததும், உள்ளே புதைத்திருக்கும் பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதி வேஷம் கட்டியவர் விரித்த கூந்தலை முடிவார். பெண்கள் முறத்தாலும் துடைப்பத்தாலும் அந்த மண்ணை அடிப்பார்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டு ஆளுக்கு ஓர் அடி போட்டுவிட்டு, கையளவு மண்ணைப் பிய்த்துத் தானியக் குதிரில் போட எடுத்துப்போவார்கள். அக்கா சிரிக்காமல் அடித்தாள். துடைப்பக் கட்டு அவிழ்ந்து குச்சி குச்சியாகச் சிதறிய பிறகும் வெறுங்கையால் குத்தினாள். மண்மார்பு பிளந்துபோயிற்று. பக்தி என்று நினைத்து நைனா கையெடுத்துக் கும்பிட்டார்.

கூஜா வாங்கிவந்த சில நாளில் பாவா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டார். முறத்தை உதைத்தார். கடலை வாசல்வரை பறந்தது. தரையில் ஊன்றியிருந்த அக்காவின் இடது கையை மிதித்து, மிதித்த காலைத் திருகினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தனியாக ஊர் சுற்றுகிற பெண்பிள்ளைக்கு என்ன பெயர் என்று, இங்கே எழுத முடியாத சொல்லைச் சொன்னார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப்பட்டது. பீடி பற்றவைக்கப்பட்டது. அவர்கள் போனதும் அக்கா வலது கையால் கடலையைப் பொறுக்கி, முறத்தில் மறுபடி அரக்கோணத்திலிருந்து ஆரம்பித்தாள். சுண்டுவிரல் அதற்குப் பிறகு அவளுக்கு நிமிரவே இல்லை.

காப்புக் கட்டிய மறுநாள் காலை. நைனா, பாவா, என் வீட்டுக்காரர் மூன்று பேரும் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா குளித்துச் சேலை மாற்றி, தகரப் பெட்டியும் கூஜாவுமாக வந்து நின்றாள். காஞ்சிபுரம், அங்கிருந்து கண்டி, ஆனியில் திரும்பிவருவேன் என்று, நைனாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பாவா எழுந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. மூன்று வருஷத்தில் அந்தக் கை பாதியில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். எல்லைக்கல்வரை கூடப்போவதாகத்தான் பேச்சு.

தெருவில் நடந்தோம். பாவா பின்னாலேயே வந்தார், அவருக்குப் பின்னால் நைனா, அவருக்குப் பின்னால் ஊர். வேடிக்கை பார்க்க மட்டும் எங்கள் ஊரில் யாருக்கும் சோம்பல் கிடையாது. ஏரிக்கரை முடிகிற இடத்தில் எல்லைக்கல். அதைத் தாண்டினால் திருத்தணி மலை நன்றாகத் தெரியும். அக்கா கல்லைத் தாண்டிப் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். பாவா கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றார். மூச்சு இரைத்தது. எனக்கு உள்ளே ஒரே கொண்டாட்டம்.

அப்போது அவர் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோனார். காப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். துப்பினார். கல்லைத் தாண்டி ஓடி, அக்காவின் கூந்தலைப் பிடித்துச் சுருட்டிக் கீழே தள்ளி, முகத்தில் காலால் உதைத்தார். கரைமண்ணில் அவளை மயிரைப் பிடித்து எல்லைக்கல்லை நோக்கி இழுத்தார். நான் பெட்டியைப் போட்டுவிட்டுக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அக்கா கூஜாவை விடவே இல்லை. இழுபட்டுக்கொண்டே, படுத்தவாக்கில், தண்ணீர் நிறைந்த அந்தக் கூஜாவை இரண்டு கையாலும் வீசி அவர் முட்டியில் அடித்தாள். ஒரே அடி. முட்டி உடைந்தது, கூஜா நெளிந்தது. பாவா சாய்ந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் இன்றுவரை ஆறமுடியாதது. நைனா விழுந்த மகனைப் பார்க்கவில்லை, உதைபட்ட மருமகளையும் பார்க்கவில்லை. புழுதியில் கிடந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த கழியைப் பிடுங்கி மகனை அடித்தார். அவர் ஆரம்பித்ததும் ஊரே இறங்கியது. அம்மன் காப்பையா அறுத்தாய், அம்மன் காப்பையா அறுத்தாய் என்று கேட்டுக்கேட்டு, கழியாலும் காலாலும் அடித்தார்கள். பாவாவின் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் விழுந்தன. என் வீட்டுக்காரர் ஒரு கல்லை எடுத்தார். அந்த நல்ல மனுஷனின் கையில் கல்லை நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

அக்கா எழுந்து நின்றாள். மூக்கிலிருந்து வந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். கூட்டத்துக்குள் நுழைந்து, கழியை ஓங்கியிருந்த நைனாவின் எதிரில் போய் நின்றாள். "நைனா, மூணு வருசமா இந்தக் கை எங்க இருந்துச்சி?" என்றாள். கத்தவில்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னாள். கழி இறங்கியது. ஒவ்வொருவராகக் கையை நிறுத்தினார்கள். ஒருத்தராவது பதில் சொல்லியிருக்கலாம், பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

அவள் அவிழ்ந்து கிடந்த கூந்தலை இரண்டு கையாலும் அள்ளி முடிந்தாள். பாவாவின் ரத்தம் அவள் கையில் பட்டிருந்தது. கூட்டத்தில் நின்ற ஒருத்தி தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா அதையெல்லாம் கவனிக்கவில்லை. நெளிந்த கூஜாவைக் குலுக்கித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள், பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "போய்ட்டு ஆனியில வரேன். விதைக்கடலைய எலி திங்காம பாத்துக்கோங்க" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷன் பாதையில் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. திரும்பிப் பார்ப்பாள் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் பார்க்கவில்லை. காலை வண்டிக்கு நேரமாகியிருக்கும்.

பாவாவைக் கட்டிலில் தூக்கிவந்து போட்டார்கள். கோயிலில் பரிகாரம் செய்து விழாவை நடத்தினார்கள். அந்த வருஷம் படுகளத்தில் துடைப்பத்தை நான் எடுத்துக்கொண்டேன். நான் அடித்தது துரியோதனனை இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டின கையையும் பீடி பற்றவைத்த கையையும் நினைத்து அடித்தேன்.

சொன்னபடி ஆனியில் வந்தாள். ஊரே தெருவில் நின்று பார்க்க, அதே பெட்டி, அதே கூஜா, கூடவே மடித்த காகிதக் கூடு ஒன்று. விதைக்கடலை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டாள். நெளிந்ததில் கூஜாவின் மூடி இறுகிப்போய்க் காஞ்சியிலும் திறக்கவில்லையாம், கப்பலிலும் திறக்கவில்லையாம். கண்டியில் ஒரு பாத்திரக்காரர் திறந்து கொடுத்தாராம். குழியை எடுத்துத் தருகிறேன் என்று அவரும் சொன்னாராம். இவள் வேண்டாம் என்றாளாம். தப்பட்டை அடித்ததைச் சொன்னாள், விளக்கு பார்த்ததைச் சொன்னாள். ஏரிக்கரையில் ஒருநாள் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது மட்டும் அழுதாள். பாவா அதற்குப் பிறகு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். திருந்தினார் என்று சொல்ல மாட்டேன், பயந்தார். கூஜா எப்போதும் தண்ணீர் நிரம்பி அடுப்பங்கரைப் பலகையில் இருக்கும். ஒருமுறை கை ஓங்கியவர், அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அடுத்த பங்குனிக்கு நாம் இரண்டு பேரும் போகிறோம் என்றாள் அக்கா. முறத்தில் இரண்டு இரண்டு கடலையாக வைத்தோம். அந்த மாசித் திருவிழாக் கூட்டத்தோடு ஊருக்குள் காலரா வந்தது. இரண்டே நாளில் அக்கா போய்விட்டாள். எவ்வளவோ அடியைத் தாங்கின உடம்பு. எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. பிறகு கண்டிக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும் என்று ஆயிற்று. பிறகு புயலில் தனுஷ்கோடியையே கடல் கொண்டுபோயிற்று. நான் கூஜாவை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அடுப்படியில் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் போன வருஷம் தவறினார். கருமாதி முடிந்த மாதமே நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். கப்பல் இப்போது ராமேசுவரத்திலிருந்து போகிறதாம். காஞ்சியில் உத்திரம், கண்டியில் வருஷப்பிறப்பு, பௌர்ணமிக்கு விளக்கு, அப்புறம் அந்த ஏரிக்கரை. விசா வந்துவிட்டது. என் மகன் திருத்தணி தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறான். இரண்டு வாரமாகத் தலைகீழாக நிற்கிறான். இந்த வயதில் தனியாகவா, ஊர் என்ன சொல்லும், கூட்டத்தோடு வேனில் திருப்பதிக்கு அனுப்புகிறேன் என்கிறான். குரல் உயர்த்த மாட்டான், அப்பாவைப் போல நல்ல பிள்ளை.

நேற்று ஈயம் பூசி வாங்கிய கூஜா கசிகிறதா என்று பார்க்க, குழாயடியில் தண்ணீர் நிரப்பி மூடியைத் திருகி எடுத்துவந்தேன். நிலைப்படியில் அவன் குறுக்கே நின்றுகொண்டு, "நீ எப்பிடி போறேன்னு பாக்கறேம்மா" என்றான். கூஜாவை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. அவன் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி அந்தக் குழியில் போய் நின்றது. பெரியம்மாவின் கதையைச் சொல்லித்தான் அவனை வளர்த்திருக்கிறேன். மெதுவாக ஓரடி நகர்ந்து, எனக்கு வழி விட்டான்.